ஓடிக்கொண்டிருக்கும் கிளஸ்டரில் ரிசோர்ஸை மாற்றுவது எப்படி?

கேள்வி இது. கும்பகோணத்தில் ஒரு தனியார் மருத்துவமனை. இரண்டு சர்வர்கள், நடுவில் இரண்டுக்கும் பொதுவான ஸ்டோரேஜ், மேலே இரண்டையும் ஒரே கிளஸ்டராக இணைத்து, ஒன்று விழுந்தால் மற்றதில் சேவையைத் தொடங்கும் மென்பொருள்களான பேஸ்மேக்கரும் கோரோசிங்கும். ஒரே குரூப்பில் (வரிசையாகக் கிளம்பி ஒரே சர்வரில் ஓடும் தொகுப்பு) நான்கு ரிசோர்ஸ்கள், அதாவது கிளஸ்டர் கையாளும் உருப்படிகள், இந்த வரிசையில் இருக்கின்றன: எல்விஎம் வால்யூம் (டிஸ்க் பகுதி), ஃபைல்சிஸ்டம், மிதக்கும் ஐபி (சேவையோடு சர்வர் மாறும் முகவரி), போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ். லேப், மருந்தகம், பில்லிங் மூன்றும் அந்த ஐபியை நம்பித்தான் ஓடுகின்றன. இப்போது மூன்று மாற்றங்கள் தேவை. ஐபி புது நெட்வொர்க்குக்குப் போக வேண்டும், போஸ்ட்கிரெஸ் நலமா என்று சோதிக்கும் மானிட்டரின் இடைவெளி 10 வினாடியிலிருந்து 30 ஆக வேண்டும், லேப் ரிப்போர்ட் தயாரிக்கும் சேவை ஒன்றைப் புதிதாகச் சேர்க்க வேண்டும். "மெயின்டெனன்ஸ் மோடில் போட்டுவிட்டு மாற்றினால் போதுமா? ஓபியில் ஆட்கள் நிற்கும்போது எதுவும் நின்றுவிடாதே?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

போதாது. மெயின்டெனன்ஸ் மோட், அதாவது கிளஸ்டர் எதையும் தொடாமல் ஒதுங்கியிருக்கும் நிலை, ஒரு ரீஸ்டார்ட்டைத் தள்ளிப்போடும், தவிர்க்காது. அந்த மோடில் இருக்கும்போது நீங்கள் செய்த மாற்றங்கள் எல்லாம் சேர்ந்து நிற்கும். வெளியே வந்த நொடியில் கிளஸ்டர் அவை அத்தனையையும் ஒன்றாகச் செயல்படுத்தும். எனவே, கான்ஃபிக்கின் நகலில் மாற்றத்தை எழுதி, "இதைக் கொடுத்தால் நீ என்ன செய்வாய்?" என்று கிளஸ்டரிடமே கேட்டு, அதன் பதிலை வரி வரியாகப் படித்த பிறகே உண்மையான கான்ஃபிக்கில் ஏற்ற வேண்டும். அதற்கான கருவிகள் பேஸ்மேக்கரோடே வருகின்றன. பலரும் அவற்றைத் தொடுவதில்லை என்பதுதான் வருத்தம்.

சாதாரண சர்வரில் கான்ஃபிக் கோப்பைத் திருத்தினால், நீங்களாக ரீஸ்டார்ட் கொடுக்கும்வரை ஒன்றும் நடக்காது. கிளஸ்டர் அப்படியில்லை. சிஐபி என்று சொல்லப்படும் அதன் தகவல் தளத்தில் ஒரு வரி மாறினால் போதும், உடனே முழு நிலவரத்தையும் மறுபடி கணக்குப் போட்டு, தேவையென்று தோன்றியதைச் செய்துவிடும். ஐந்து கட்டளைகள் கொடுத்துத்தான் வேலை முடியும் என்றால், அது ஐந்தாவது வரும்வரை காத்திருக்காது. ரிப்போர்ட் சேவையை முதலில் உருவாக்கிவிட்டு, "போஸ்ட்கிரெஸ் இருக்கும் நோடில்தான் (சர்வரில்தான்) இது ஓட வேண்டும்" என்ற விதியை அடுத்த கட்டளையில் கொடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இடைப்பட்ட சில வினாடிகளில் கிளஸ்டர் அதை இரண்டாவது நோடில் கிளப்பப் பார்க்கும். அங்கே டிஸ்க் மவுண்ட் ஆகியிருக்காது, எனவே கிளம்பாது. ஸ்டார்ட் தோல்வியைப் பேஸ்மேக்கர் இயல்பாகவே அபாயகரமானதாக எடுத்துக்கொள்ளும். அந்த நோடில் அந்த ரிசோர்ஸின் தோல்விக் கணக்கு ஒரே அடியில் இன்ஃபினிட்டிக்குப் போய்விடும். அந்தக் கணக்கை அழிக்கும் கிளீனப் கட்டளையை நீங்கள் கொடுக்கும்வரை அந்தச் சேவைக்கு அந்த நோட் தடைசெய்யப்பட்ட இடம்தான். ஆறு மாதம் கழித்து முதல் நோட் விழும்போதுதான் இது தெரியவரும்.

எந்த மாற்றம் ரீஸ்டார்ட் கொடுக்கும், எது கொடுக்காது என்பதை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். மானிட்டர் இடைவெளி, டைம்அவுட் போன்றவை ஓடும் சேவையைத் தொடாது, புது இடைவெளியில் மானிட்டர் மறுபடி தொடங்கும், அவ்வளவுதான். ஸ்டிக்கினஸ் (ஓடும் நோடிலேயே தங்கும் பிடிப்பு) போன்ற, ரிசோர்ஸைக் கிளஸ்டர் எப்படி நடத்த வேண்டும் என்று சொல்லும் மெட்டா பண்புகளும் ரீஸ்டார்ட் கொடுக்காது, ஆனால் ரிசோர்ஸ் இடம் மாறக் காரணமாகலாம். ஐபி முகவரி, டிஸ்க் பாதை, டேட்டா அடைவு போன்ற ரிசோர்ஸின் சொந்த அளவுருக்கள்தான் உண்மையான ஆபத்து. அவற்றை மாற்றினால் கிளஸ்டர் பழையதை நிறுத்திப் புதியதைத் தொடங்கும். ரிசோர்ஸை இயக்கும் ஸ்கிரிப்டான ஏஜென்ட் அந்த அளவுருவை ரீலோட் செய்யத் தக்கது என்று அறிவித்திருந்தால் மட்டும் நிறுத்தாமல் ரீலோட் நடக்கும்.

குரூப் என்றால் இது இன்னும் கூடும். கல்லணையில் ஒரு தலைப்பு மதகை இறக்கினால் அந்தக் கால்வாயின் கடைமடை வரை காய்வதைப் போல, குரூப்பில் ஒன்றை நிறுத்தினால் அதற்குப் பின்னால் இருப்பவை எல்லாம் நிற்கும். உங்கள் வரிசையில் ஐபி மூன்றாவது, போஸ்ட்கிரெஸ் நான்காவது. ஐபியில் நெட்வொர்க் மாஸ்க்கை மட்டும் மாற்றினாலும் முதலில் போஸ்ட்கிரெஸ் நிற்கும், பிறகு ஐபி நிற்கும், பிறகு ஐபி கிளம்பும், கடைசியில் போஸ்ட்கிரெஸ் கிளம்பும். மருந்தகத்தில் பில் போட்டுக்கொண்டிருப்பவருக்கு இணைப்பு அறுந்துவிடும்.

எனவே அந்த ஐபியை இருந்த இடத்திலேயே மாற்றாதீர்கள். முதலில் பழைய ஐபியைக் குரூப்பின் கடைசிக்கு, போஸ்ட்கிரெஸுக்குப் பின்னால் நகர்த்துங்கள். போஸ்ட்கிரெஸ் எல்லா முகவரியிலும் கேட்கும்படி இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். குறிப்பிட்ட ஒரு ஐபியில் மட்டும் கேட்கும்படி அமைத்திருந்தால், ஐபி இல்லாமல் அது கிளம்பும்போது அந்த முகவரியைப் பிடிக்க முடியாது. டேட்டாபேஸ் தயாரான பிறகு ஐபி மேலே வருவதுதான் எப்படியும் நல்ல ஒழுங்கு. கிளையன்ட் இணைக்கும்போது பதில் சொல்ல ஆள் இருக்கும். இரண்டுமே ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பதால் வரிசையை மாற்றுவது மட்டும் எதையும் நிறுத்தக் கூடாது. ஆனாலும் கீழே சொல்லும் சிமுலேஷனில் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

அடுத்து, புது நெட்வொர்க்கின் ஐபியை இன்னொரு ரிசோர்ஸாகக் குரூப்பின் கடைசியில் சேருங்கள். சில நாட்கள் இரண்டு ஐபிகளும் உயிரோடு இருக்கட்டும். லேப், மருந்தகம், பில்லிங் என்று ஒவ்வொரு பிரிவாகப் புது முகவரிக்கு மாற்றுங்கள். பழைய முகவரியில் ஒரு இணைப்பும் இல்லை என்று போஸ்ட்கிரெஸின் இணைப்புப் பட்டியலில் பார்த்த பிறகு பழையதை நீக்குங்கள். ஒரு எச்சரிக்கை: நடுவில் இருக்கும் உறுப்பினரை நீக்கினால், கிளஸ்டருக்குக் கட்டளை கொடுக்கும் கருவியான பிசிஎஸ் முதலில் அதை நிறுத்தும், அப்போது அதற்குப் பின்னால் இருப்பவையும் நிற்கும். பழைய ஐபி நடுவிலிருந்தால் அதை நீக்கும்போது போஸ்ட்கிரெஸும் போய்விடும். அதை முதலிலேயே போஸ்ட்கிரெஸுக்குப் பின்னால் நகர்த்தச் சொன்னது இதற்காகத்தான். நீக்கும் நாளில் அதன் பின்னால் புது ஐபியோ ரிப்போர்ட் சேவையோ இருந்தால், பழையதை இன்னொரு முறை கடைசிக்கு நகர்த்திவிட்டு நீக்குங்கள்.

புது ஐபியிலும் ரிப்போர்ட் சேவையிலும் இன்னொரு பொறி இருக்கிறது. குரூப்பின் கடைசி உறுப்பினர் ஒரு நோடில் கிளம்ப முடியாமல் போனால், அதை எப்படியாவது ஓடவைக்க கிளஸ்டர் முழு குரூப்பையும் அடுத்த நோடுக்குத் தூக்கிக்கொண்டு போகும். ரிப்போர்ட் சேவையில் ஒரு கோப்பின் அனுமதி சரியில்லை என்பதற்காக மருத்துவமனையின் டேட்டாபேஸ் இடம் மாறும்! பேஸ்மேக்கர் 2.1 அல்லது அதற்குப் பிந்தையதாக இருந்தால், இந்த இரண்டு புது ரிசோர்ஸ்களுக்கும் 'கிரிட்டிக்கல்' என்ற மெட்டா பண்பை ஃபால்ஸ் என்று வையுங்கள். அப்போது அவை தோற்றால் தாங்களும் தங்களுக்குப் பின்னால் இருப்பவையும் மட்டும் நிற்கும், குரூப்பை அடுத்த நோடுக்கு இழுக்காது. எல்லோரும் புது ஐபிக்கு மாறிய பிறகு ஐபிக்கு மட்டும் அதை ட்ரூ என்று திருப்பலாம். ரிப்போர்ட் சேவைக்கு ஃபால்ஸாகவே இருக்கட்டும்.

சரி, செய்முறைக்கு வருவோம். 'பிசிஎஸ் கிளஸ்டர் சிஐபி' என்று ஒரு கோப்புப் பெயரோடு கொடுத்தால் இப்போதைய முழு நிலவரமும் அந்தக் கோப்பில் இறங்கும். அதற்கு ஒரு நகல் எடுங்கள். ஒன்றின் பெயர் 'பழையது', இன்னொன்றின் பெயர் 'புதியது' என்று வைத்துக்கொள்வோம். இனி எல்லாக் கட்டளைகளையும் பிசிஎஸ்ஸின் எஃப் விருப்பத்தோடு 'புதியது' கோப்பின் மேலேயே ஓட்டுங்கள். கிளஸ்டருக்கு எதுவும் தெரியாது. அப்புறம் 'கிரம் சிமுலேட்' கருவியிடம் அந்தக் கோப்பைக் கொடுத்து சிமுலேட் செய்யச் சொல்லுங்கள். முதலில் இப்போதைய நிலை, அடுத்து டிரான்சிஷன் சம்மரி என்ற பகுதி, பிறகு செயல்கள் நடக்கும் வரிசை, கடைசியில் முடிவு நிலை என்று வரும். நிதானமாகப் படிக்க வேண்டியது அந்த டிரான்சிஷன் சம்மரியை. ஸ்டார்ட், ஸ்டாப், ரீஸ்டார்ட், மூவ், ரிகவர், ஃபென்ஸ் (நோடையே அணைத்தல்) போன்ற சொற்களில் ஒன்று ஒவ்வொரு வரியிலும் இருக்கும், ரீஸ்டார்ட் என்றால் பக்கத்தில் காரணமும் இருக்கும். ரிசோர்ஸின் வரையறை மாறியதால் ரீஸ்டார்ட் என்று ஐபிக்கும், ஐபி தேவைப்படுவதால் ரீஸ்டார்ட் என்று போஸ்ட்கிரெஸுக்கும் அது எழுதியிருப்பதை, மாஸ்க்கை மட்டும் மாற்றிய ஒரு நகலைக் கொடுத்து நீங்களே பார்க்கலாம். நீங்கள் எதிர்பார்க்காத ஒரு வரி இருந்தாலும் நிறுத்துங்கள். காரணம் புரியாமல் மேலே போக வேண்டாம்.

திருப்தியாக இருந்தால் 'கிளஸ்டர் சிஐபி-புஷ்' கட்டளையில் 'புதியது' கோப்பைக் கொடுங்கள், கூடவே 'டிஃப்-அகெய்ன்ஸ்ட்' என்ற இடத்தில் 'பழையது' கோப்பையும் கொடுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும் ஒரே மாற்றமாக ஏறும். நீங்கள் திருத்திக்கொண்டிருந்த நேரத்தில் வேறொருவர் செய்த மாற்றம் அழியாது. முழுக் கோப்பையும் தள்ளினால் அந்தப் பாதுகாப்பு கிடையாது. சிஐபியை எக்ஸ்எம்எல் கோப்பாக டிஸ்கில் நேரடியாக எடிட்டரில் திறந்து திருத்தவே கூடாது.

போஸ்ட்கிரெஸின் மானிட்டர் இடைவெளிக்கு ஒரு தனிக் குறிப்பு. பிசிஎஸ் அப்டேட் கட்டளையில் ஒரு ஆபரேஷனைத் திருத்தும்போது நீங்கள் குறிப்பிடாத மதிப்புகள் எல்லாம் இயல்புநிலைக்குத் திரும்பிவிடும். இடைவெளியை மட்டும் 30 என்று கொடுத்தால், முன்பு யோசித்து வைத்திருந்த டைம்அவுட் காணாமல் போகும். இடைவெளி, டைம்அவுட் இரண்டையும் சேர்த்தே கொடுங்கள்.

சிமுலேஷனின் எல்லையையும் தெரிந்துகொள்ள வேண்டும். எல்லாச் செயலும் வெற்றியடையும் என்று எடுத்துக்கொண்டுதான் அது கணக்குப் போடுகிறது. புது ஐபி உண்மையில் கிளம்புமா என்று அதற்குத் தெரியாது. அந்த நெட்வொர்க்குக்கு நெட்வொர்க் கார்டில் வழியே இல்லை என்றால் ஐபி ஏஜென்ட் எந்தக் கார்டில் போடுவது என்று தெரியாமல் தோற்கும், ஆகவே கார்டின் பெயரையும் மாஸ்க்கையும் நீங்களே எழுதிக் கொடுங்கள். அதற்கு முன் ஒவ்வொரு நோடிலும் அந்த முகவரியைக் கையால் போட்டு, கேட்வேக்குப் பிங் போகிறதா என்று பார்த்துவிட்டு எடுத்துவிடுங்கள். வேறு எந்தக் கருவியும் அதே முகவரியைப் பிடித்திருக்கவில்லை என்று ஆர்ப்பிங்கில் சோதித்த பிறகு இதைச் செய்யுங்கள். ரிப்போர்ட் சேவைக்கும் அப்படித்தான். மென்பொருள், கோப்புகள், பயனர் எண், அனுமதி எல்லாம் இரண்டு நோடிலும் ஒன்றாக இருக்க வேண்டும். கிளஸ்டர் கையாளும் சேவை, லினக்ஸ் தொடங்கும்போது சேவைகளைக் கிளப்பும் சிஸ்டம்டியில் தானாகக் கிளம்பும்படி இருக்கவும் கூடாது. அப்படி இருந்தால் ரீபூட்டான நோட் கிளஸ்டரைக் கேட்காமலே அதைத் தொடங்கிவிடும்.

இனி, நான் அதிகம் கவலைப்படும் விஷயம் ஸ்டாப். ஃபென்சிங் (சிக்கலான நோடை வலுக்கட்டாயமாக அணைக்கும் ஏற்பாடு) இயங்கும் கிளஸ்டரில் ஒரு ரிசோர்ஸ் உரிய நேரத்துக்குள் நிற்கவில்லை என்றால், கிளஸ்டர் அந்த நோடையே பவர் ஆஃப் அல்லது ரீபூட் செய்யும். அது தவறல்ல. பழைய நோட் டிஸ்கை விட்டுவிட்டதா என்று தெரியாமல் அடுத்த நோடில் மவுண்ட் செய்தால் ஃபைல்சிஸ்டம் சிதைந்துவிடும், நோயாளியின் பதிவுகள் போய்விடும். ஆனால் ஸ்டாப் டைம்அவுட் எதுவும் குறிப்பிடாவிட்டால் பேஸ்மேக்கரின் இயல்பான நேரம் 20 வினாடிதான். பரபரப்பான டேட்டாபேஸ் ஒன்று கடைசி செக்பாயின்ட்டை (நினைவகத்தில் நிற்கும் மாற்றங்களை டிஸ்கில் இறக்குவது) எழுதி முடிக்க அதற்கு மேல் எடுக்கலாம். உங்கள் போஸ்ட்கிரெஸுக்கு ஸ்டாப் டைம்அவுட் எவ்வளவு என்று இன்றே பாருங்கள். போதாது என்றால் அதைக் கூட்டும் மாற்றத்தைத் தனியாக, முதல் நாளே ஏற்றிவிடுங்கள். அதற்கு ரீஸ்டார்ட் தேவையில்லை. திட்டமிட்டு நிறுத்த வேண்டிய நாளில், நிறுத்துவதற்குச் சற்று முன் கையால் ஒரு செக்பாயின்ட் ஓட்டினால் ஷட்டவுன் வேகமாக முடியும்.

ஃபென்சிங் பற்றிப் பேசும்போது நம் பகுதியின் மின்சாரத்தையும் சேர்த்துத்தான் பேச வேண்டும். உங்கள் ஃபென்சிங் ஐபிஎம்ஐ (சர்வரைத் தொலைவிலிருந்து அணைக்க அதற்குள்ளேயே இருக்கும் வசதி) வழியாக மட்டும் என்றால், அந்த ஐபிஎம்ஐ கட்டுப்பாட்டுப் பகுதிக்கும் அதே சர்வரின் பவர் சப்ளையிலிருந்துதான் மின்சாரம் போகிறது. ஒரு சர்வரின் யூபிஎஸ் மட்டும் விழுந்தால் சர்வரோடு ஐபிஎம்ஐயும் செத்துவிடும். உயிரோடிருக்கும் நோட் "அது நிஜமாகவே நின்றுவிட்டதா?" என்று கேட்கும், பதில் வராது, உறுதியாகும்வரை சேவைகளை எடுத்துக்கொள்ளாது. இரண்டாம் நிலையாகத் தொலைவிலிருந்து அணைக்கக்கூடிய பிடியூ (மின் பகிர்வுப் பலகை) ஒன்றையோ, பொது ஸ்டோரேஜ் வழியே நோடைத் தானே அணையச் சொல்லும் எஸ்பிடியையோ வைத்தால் இந்த முட்டுச்சந்து வராது. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது நாகை, திருவாரூர், தஞ்சை மாவட்டங்களில் பல ஊர்கள் நாள்கணக்கில் இருளில் கிடந்தன. இந்த வட்டாரத்தில் மின்வழி ஒன்று தனியாக விழுவது நடக்கக்கூடியதுதான் என்று எண்ணியே வடிவமைக்க வேண்டும். இரண்டு சர்வரும் இரண்டு வெவ்வேறு யூபிஎஸ்ஸில் இருக்கட்டும். ரிசோர்ஸ் மாற்றத்துக்கு முன் ஃபென்சிங் ஏஜென்ட்கள் நலமா என்று நிலவரத்தில் பார்ப்பது கட்டாயம்.

தொடங்கும் முன் வேறு மூன்றையும் பாருங்கள். பழைய தோல்விகள் பட்டியலில் தொங்கிக்கொண்டிருந்தால் அவற்றின் காரணத்தைப் புரிந்துகொண்டு கிளீனப் செய்யுங்கள். கிளீனப்பே ஒரு ரிசோர்ஸை இடம்மாற்றக்கூடும் என்பதால் அதையும் அமைதியான நேரத்தில் செய்யுங்கள். அடுத்து, கட்டுப்பாடுகளின் முழுப் பட்டியலில் 'சிஎல்ஐ-ப்ரிஃபர்', 'சிஎல்ஐ-பேன்' என்று தொடங்கும் வரிகள் இருக்கின்றனவா என்று தேடுங்கள். எப்போதோ யாரோ மூவ் கட்டளை கொடுத்ததன் மிச்சம் அவை. பழைய பிசிஎஸ் அவற்றைத் தானாக நீக்காது. மூன்றாவது ஸ்டிக்கினஸ். பேஸ்மேக்கரில் அதன் இயல்பு மதிப்பு 0. அப்படியே விட்டிருந்தால் எந்தச் சிறு மாற்றத்துக்கும் ரிசோர்ஸ் நகரத் தயங்காது. ஓடும் இடத்திலேயே தங்கும்படி ஒரு மதிப்பைக் கொடுத்துவையுங்கள்.

அப்படியானால் மெயின்டெனன்ஸ் மோட் எதற்கு? சேவையைக் கையால் தொட வேண்டியிருக்கும்போது, அல்லது கிளஸ்டர் மென்பொருளையே புதுப்பிக்கும்போது அது தேவை. அந்த மோடில் வழக்கமான மானிட்டர்கள் நின்றுவிடும். போஸ்ட்கிரெஸ் விழுந்தாலும் யாரும் தூக்கிவிட மாட்டார்கள் என்பதால் அதில் இருக்கும் நேரம் குறைவாக இருக்கட்டும். வெளியே வரும்போது இந்த ஒழுங்கில் வாருங்கள்: முதலில் ரிசோர்ஸ் ரிஃப்ரெஷ் கொடுத்து, எது எங்கே ஓடுகிறது என்று கிளஸ்டர் மறுபடி சோதிக்கட்டும். பிறகு சிஐபியை ஒரு கோப்பில் இறக்கி, அதில் மட்டும் மெயின்டெனன்ஸ் மோடை ஃபால்ஸ் ஆக்கி சிமுலேட் செய்யுங்கள். சம்மரியில் ரீஸ்டார்ட், மூவ், ஃபென்ஸ் எதுவும் இல்லையென்றால் உண்மையில் வெளியே வாருங்கள்.

பின்வாங்க வேண்டி வந்தால் பழைய முழுக் கோப்பையும் தள்ளப் பார்க்காதீர்கள். சிஐபிக்குப் பதிப்பு எண் உண்டு, பழைய எண் கொண்டதை அது ஏற்காது. புதிதாக ஒரு நகல் இறக்கி, அதில் நீங்கள் செய்த மாற்றத்தை மட்டும் திருப்பி, அதையும் சிமுலேட் செய்து ஏற்றுங்கள். பின்வாங்குவதும் ஒரு மாற்றம்தான், அதுவும் ரீஸ்டார்ட் கொடுக்கலாம். 'பிசிஎஸ் கான்ஃபிக் பேக்கப்' எடுத்துவைப்பது நல்லது, ஆனால் அதிலிருந்து மீட்கக் கிளஸ்டரையே நிறுத்த வேண்டும், எனவே அதைக் கடைசிக் கட்ட மருந்தாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மூன்று மாற்றங்களையும் ஒரே நாளில் செய்ய வேண்டாம். முதல் நாள் ஸ்டாப் டைம்அவுட், மானிட்டர் இடைவெளி, ஸ்டிக்கினஸ். இவை ஏற்றிய பின் ஒரு முழு ஓபி நாள் ஓடட்டும். அடுத்து ஒரு இரவு, லேபின் கடைசி ரிப்போர்ட்கள் போன பிறகு, பழைய ஐபியை நகர்த்திப் புது ஐபியைச் சேருங்கள். ஐசியூவுக்கும் அவசரப் பிரிவுக்கும் முன்கூட்டியே சொல்லி, சிமுலேஷன் என்ன சொன்னாலும் பேப்பர் படிவங்களை அவர்கள் கையில் வையுங்கள். ரிப்போர்ட் சேவையைத் தனி நாளில் சேருங்கள், உருவாக்கும்போதே டிஸேபிள்ட் நிலையில் உருவாக்கி, எல்லாம் சரியென்று பார்த்தபின் எனேபிள் செய்யுங்கள். உங்கள் துணைமின் நிலையத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அறிவித்திருக்கும் நாளையும் அதற்கு முந்தைய இரவையும் விட்டுவிடுங்கள். வடகிழக்குப் பருவமழையில் தாழ்வுமண்டல எச்சரிக்கை இருக்கும் வாரத்திலும் கை வைக்காதீர்கள். பழைய ஐபியை நீக்குவதற்கு அவசரமே இல்லை. பொங்கல் கழிந்து செய்தாலும் ஒரு குறையும் வராது.